பழைய எஃகுப் பாலத்தைச் சோதித்துச் சீரமைப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

பழைய பாலத்துக்கு அடியில் முதன்முறையாகப் போகிறவர்கள் அநேகமாக ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். துரு எங்கே அதிகமாகத் தெரிகிறதோ அங்கே போய் நிற்பார்கள், நாலு படம் எடுப்பார்கள், "இங்கே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம்" என்பார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆனால் கைப்பிடியில் பொரிந்து கிடக்கும் துருவால் பாலம் விழாது. இணைப்புக்குள் ஒளிந்திருக்கும் 3 மி.மீ. விரிசலால் விழலாம்.

அதனால் இரண்டு கேள்விகளோடு போங்கள். சுமை எந்த வழியாக இறங்குகிறது? தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? இந்த இரண்டு வழிகளும் சந்திக்கும் இடங்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை வைத்துத்தான்.

இது களத்தில் இறங்கும் இளம் பொறியாளர்களுக்காக எழுதியது. பாலத்தைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவில் கையெழுத்துப் போட அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வேண்டும்.

1. கிளம்பும் முன்

பாலம் கட்டியபோது வரைந்த டிராயிங், பிறகு செய்த மாற்றங்களின் டிராயிங், பழைய ஆய்வு அறிக்கைகள் மூன்றையும் தேடி எடுங்கள். முந்தைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். "வடிகால் அடைத்துள்ளது" என்று நாலு அறிக்கைகளில் இருந்தால், அந்த வடிகாலுக்குக் கீழே உள்ள எஃகுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

டிராயிங்கை அப்படியே நம்பவும் வேண்டாம். பத்து உறுப்புகளையாவது அளந்து ஒப்பிடுங்கள். கட்டும்போதே வேறு அளவு போட்டிருக்கலாம்.

டிராயிங்கில் இல்லாத பெரிய சுமை, மேலே வருடக்கணக்கில் ஏறிய தார். 30 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் உள்ள தளத்தில் 50 மி.மீ. தார் கூடினால் ஏறக்குறைய 25 டன் கூடுகிறது. அது வண்டியைப் போல வந்து போகும் சுமை அல்ல, இரவும் பகலும் உட்கார்ந்திருக்கும் சுமை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் விழுந்த பிறகு பார்த்தால், கணக்கில் எடுத்துக்கொண்டதைவிடத் தார் ஏறக்குறைய இரு மடங்கு தடிமனாக இருந்தது. எனவே தளத்தில் இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டுத் தடிமனைப் பாருங்கள். அரை நாள் வேலை.

கையில் வேண்டியவை: தலையில் மாட்டும் விளக்கு, கம்பி பிரஷ், சுரண்டி, உருண்டைத் தலைச் சுத்தியல், வெர்னியர், பத்து மடங்கு உருப்பெருக்கி, அல்ட்ராசோனிக் தடிமன் மானி, மார்க்கர். உடம்புக்குப் பாதுகாப்புப் பெல்ட், கையுறை, சுவாசக் கவசம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் சுரண்டும் முன்பே ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். மூடிய பெட்டி வடிவ கர்டருக்குள் (பாலத்தைத் தாங்கும் முக்கிய உத்திரம்) நுழையும் முன் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். துரு பிடிப்பதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுதான்.

2. எது போனால் பாலமே போகும்?

டிராயிங்கின் நகலை எடுத்து, உடைந்தால் மாற்று வழி இல்லாத இழுவிசை உறுப்புகளுக்கெல்லாம் சிவப்பு அடியுங்கள். இரண்டே கர்டர் உள்ள பாலத்தின் கீழ் ஃபிளேஞ்ச் (கர்டரின் அடியில் உள்ள கிடைத்தகடு), டிரஸ்ஸின் (முக்கோணச் சட்டக்கூட்டின்) அடிநாண், இழுவிசையில் உள்ள சாய்வு உறுப்புகள், பின்னில் (உருளை ஆணியில்) தொங்கும் ஹேங்கர்கள் (தொங்கு பட்டைகள்) எல்லாம் இதில் வரும். ஆறு கர்டர் உள்ள பாலத்தில் ஒன்றில் விரிசல் விட்டால் மற்றவை கொஞ்சம் தாங்கும். இவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

1967 டிசம்பரில் ஒஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். ஒன்றின் கண்துளையில் இருந்த, சுமார் 2.5 மி.மீ. ஆழ விரிசல் போதுமானதாக இருந்தது. ஒரு பட்டை முறிந்ததும் பாலம் முழுவதும் ஆற்றில்.

சிவப்பு அடித்த உறுப்புகளில் விரிசலைத் தேட வேண்டும். அழுத்தத்தில் உள்ள உறுப்புகளில் வளைவையும், பின்னல் பட்டைகளின் நிலையையும் பாருங்கள். இரண்டு சானல்களைக் கட்டி நிறுத்தும் அந்த மெல்லிய பட்டைகளை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவை துருவில் அறுந்தால் ஒரு தூண் இரண்டு குச்சிகளாகிவிடும்.

புதியவர்கள் அடிக்கடி விடுவது கஸெட் தகடு. உறுப்புகளையெல்லாம் அளந்துவிட்டு, அவை வந்து சேரும் தகட்டை அளக்காமல் இறங்கிவிடுவார்கள். 2007 ஆகஸ்டில் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்ததற்குக் காரணம், தேவையில் பாதி தடிமனே இருந்த கஸெட் தகடுகள். மேலே நடந்த பராமரிப்பு வேலைக்காகக் குவித்த பொருளும் இயந்திரங்களும் மட்டும் 260 டன்னுக்கு மேல். சீரமைப்பு வேலையின் சுமையும் சுமைதான் என்பதை அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

3. தண்ணீரின் பின்னால் போங்கள்

முடிந்தால் மழை பெய்யும்போது ஒருமுறை அடியில் போய் நில்லுங்கள். காய்ந்த நாளில் மூன்று மணி நேரம் தேடினாலும் தெரியாதது மழையில் பத்து நிமிடத்தில் தெரியும். மழை கிடைக்காவிட்டால் சேற்றுக்கோடும் துருக்கோடும் வழி சொல்லும்.

தளத்தின் ஜாயின்ட் (தளத்துண்டுகளுக்கு இடையே உள்ள இணைப்பு) ஒழுகினால் கர்டரின் முனையும் பேரிங்கும் (தூணின் மேல் கர்டர் உட்காரும் தாங்கி) நனையும். வடிகால் குழாய் குட்டையாக இருந்தால் காற்றில் தெறித்துக் கீழ் ஃபிளேஞ்ச் நனையும். டிரஸ்ஸின் அடிநாணுக்குள் மண்ணும் பறவை எச்சமும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை வாரி எடுத்த பிறகு பாருங்கள். நான் பார்த்த மிக மோசமான துருவெல்லாம் அந்தக் குப்பைக்கு அடியில்தான் இருந்தது.

1983-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது பின்னும் ஹேங்கரும் சேரும் இடத்தில். சாலையின் வடிகால்கள் மூடப்பட்டிருந்தன, தண்ணீர் ஜாயின்ட் வழியாக இறங்கியது, இடுக்கில் சேர்ந்த துரு ஹேங்கரைப் பின்னிலிருந்து பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு தகடுகளுக்கு இடையே சேரும் துருவுக்கு அவ்வளவு பலம் உண்டு. ரிவெட்டை (தகடுகளைப் பிணைக்கும் ஆணியை) இழுத்துத் தலையைத் தெறிக்க வைக்கும்.

பேரிங்கையும் இந்தச் சுற்றிலேயே பாருங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. நீளும். 50 மீட்டர் ஸ்பான் (தாங்கிக்குத் தாங்கி உள்ள நீளம்), 30 டிகிரி வித்தியாசம் என்றால் 18 மி.மீ. நகர வேண்டும். விடியற்காலையில் ஒரு கோடு போடுங்கள், பிற்பகலில் வந்து பாருங்கள், இரண்டு வேளையும் எஃகின் வெப்பநிலையை எழுதுங்கள். கோடு அசையவே இல்லை என்றால் பேரிங் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த விசை வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் தூணின் தலைக்கு.

ஆற்றுப் பாலமென்றால் அஸ்திவாரத்தடியில் மண் அரிப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது வேறு ஆட்களின் வேலை, ஆனால் அது முடியாமல் எஃகில் செலவு செய்வதில் பொருளில்லை.

4. சுரண்டி, பிறகு அளங்கள்

கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பதுதான் ஆய்வு. தொலைநோக்கியும் டிரோனும் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும், ஏறுவதற்குப் பதிலாகாது.

துரு தின்ற உலோகத்தைவிடப் பல மடங்கு பருமனாக இருக்கும். 10 மி.மீ. துருப் படலத்தைப் பார்த்து 10 மி.மீ. போய்விட்டது என்று எழுத வேண்டாம். வெளியே வழவழப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். சுத்தியலால் தட்டி, சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகுதான் மானி.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அளவுப் பட்டியல் கொண்டுவந்தார். 12 மி.மீ. தகட்டில் 12.9, 13.1, 12.8. "அண்ணே, இந்தத் தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். "அறுபது வருடத்தில் எஃகு வளர்ந்திருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். பெயிண்ட் மேலேயே மானியை வைத்திருக்கிறார். பெயிண்டில் ஒலி எஃகைவிட மெதுவாகப் போகும், அதனால் அரை மி.மீ. பெயிண்ட்கூட ஒரு மி.மீ.க்கு மேல் கூட்டிக் காட்டிவிடும். சுரண்டி அளந்தபோது 11.2 வந்தது. பெயிண்டை விட்டு எஃகை மட்டும் அளக்கும் முறை உங்கள் மானியில் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் சுரண்டுங்கள். தினமும் காலையில் தெரிந்த தடிமனுள்ள கட்டையில் சரிபார்த்த பிறகு ஏறுங்கள்.

கர்டர் முனையில், கீழ் ஃபிளேஞ்சுக்கு மேலே 100 மி.மீ. வரை வெப் தகட்டை (கர்டரின் செங்குத்துத் தகடு) கட்டம் போட்டு அளங்கள். தண்ணீர் தேங்குவது அங்கே, பேரிங்கின் எதிர்விசை ஏறுவதும் அங்கே. குழிகள் நிறைந்த பரப்பில் மானி ஒழுங்காகப் படிக்காது. வெர்னியரையோ குழி ஆழ அளவுகோலையோ எடுங்கள்.

அறிக்கையில் "20 சதவீதம் இழப்பு" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதில் 20 சதவீதம்? மிச்சமுள்ள தடிமனை மி.மீ.யில், எந்த இடம் என்று படத்தோடு எழுதுங்கள். கணக்குப் போடுகிறவருக்கு அதுதான் வேண்டும்.

5. விரிசல் தேடுவது

வண்டி ஒவ்வொன்றாக ஏறி இறங்கும்போது தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் மெல்ல வளர்வது ஃபடீக் விரிசல். தகைவின் வீச்சு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் துரு இல்லாத, பார்க்க அழகான இடத்திலும் அது வரும்.

எல்லா இடத்தையும் தேட முடியாது. ஃபிளேஞ்சின் மேல் ஒட்டிய தகடு முடியும் இடத்து வெல்ட், குறுக்குச் சட்டம் வெப்பில் சேரும் இடத்தில் ஃபிளேஞ்சுக்கும் வெல்டுக்கும் இடையே விட்ட சின்ன இடைவெளி, வெட்டிக் குறைத்த உத்திரமுனை, ரிவெட் துளையின் ஓரம், இவற்றில் தொடங்குங்கள். அப்புறம், யாரோ எப்போதோ சாரம் கட்டுவதற்காக வைத்த புள்ளி வெல்ட். சாரம் போய்விடும், வெல்ட் இருக்கும்.

பெயிண்டில் மெல்லிய கோடும் அதிலிருந்து கசியும் பழுப்புப் பொடியும் கண்டால் நில்லுங்கள். பெயிண்டை மெதுவாக எடுத்து, ஊடுருவும் சாயம் போட்டோ காந்தத்துகள் முறையிலோ பாருங்கள். கிரைண்டரை அழுத்திப் போடாதீர்கள். உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே இறங்காது, "விரிசல் இல்லை" என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

விரிசல் உறுதியானால் இரண்டு முனைகளிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சிவப்பு அடித்த உறுப்பில் இருந்தால் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே தொலைபேசியை எடுங்கள்.

6. என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மிகப் பழைய பாலங்களில் இருப்பது எஃகாக இல்லாமல் தேனிரும்பாக இருக்கலாம். அது நார் நாராக, அடுக்கடுக்காக இருக்கும். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதலாக இருக்கலாம். இவற்றில் வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும்.

வலிமை தெரியாதபோது அமெரிக்காவின் ஆஷ்டோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம்) கையேடு, 1905-க்கு முந்தைய எஃகுக்கு 179, 1936 வரை 207, 1963 வரை 228 மெகாபாஸ்கல் என்று நெகிழ்வு வலிமையை (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. முதல் கணக்குக்கு இது போதும். வெல்டிங் யோசனை இருந்தால் தகைவு குறைந்த இடத்திலிருந்து மாதிரி வெட்டி எடுத்து வேதிச் சோதனைக்கும் இழுவைச் சோதனைக்கும் அனுப்புங்கள். வெட்டிய இடத்தின் மூலைகளை உருட்டித் தேய்த்துவிடுங்கள், அதுவே அடுத்த விரிசலின் பிறப்பிடமாகக் கூடாது.

7. கணக்கு

டிராயிங் அளவை வைத்து அல்ல, நீங்கள் அளந்த மிச்சத் தடிமனை வைத்துக் கணக்குப் போட வேண்டும். உறுப்பின் தாங்குதிறனிலிருந்து பாலத்தின் சொந்த எடையால் வரும் விசையைக் கழித்து, மீதியை வண்டிச் சுமையால் வகுத்தால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் கிடைக்கும். ஒன்றுக்குக் கீழே வருபவை உங்கள் பட்டியல். இணைப்புகளுக்கும் தனியாகப் போடுங்கள்.

எண் ஒன்றுக்குச் சற்றே குறைந்தால் லாரி ஏற்றித் திரிபுமானி (எஃகு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் கருவி) ஒட்டிச் சோதிப்பது நல்லது. பாலங்கள் பலநேரம் கணக்கைவிடக் கொஞ்சம் நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனால் திரிபுமானி ஒட்டிய பிறகு வந்த மாற்றத்தை மட்டும்தான் காட்டும். ஒட்டும் முன்பே உள்ளிருந்த சொந்த எடையின் தகைவு அதற்குத் தெரியாது. "மானி 30 மெகாபாஸ்கல்தான் காட்டுகிறது" என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே 90 உள்ளே உட்கார்ந்திருந்தது.

8. வேலையின் வரிசை

முதலில் தண்ணீர்: ஜாயின்ட், வடிகால். அடுத்து தேவையில்லாத தாரை எடுப்பது. அது பலப்படுத்தலின் செலவையே குறைக்கும், சில பாலங்களில் அதோடு வேலை முடிந்தும் போகும். பிறகு பேரிங், பிறகு விரிசல், பிறகு பலப்படுத்தல், கடைசியில் பெயிண்ட்.

இதைத் தலைகீழாகச் செய்வது சகஜம், ஏனென்றால் பெயிண்டுக்குத்தான் எளிதில் நிதி கிடைக்கும். ஒழுகும் ஜாயின்டின் அடியில் பெயிண்ட் அடிப்பது ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி.

9. தகடு சேர்க்கும்போது நடப்பது

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது, எண்ணோடு பார்ப்போம். இழுவிசை உறுப்பு ஒன்றின் பரப்பு 10,000 சதுர மி.மீ. சொந்த எடையால் 800 கிலோநியூட்டன், வண்டியால் 600. மொத்தத் தகைவு 140 மெகாபாஸ்கல். 5,000 சதுர மி.மீ. தகடு சேர்க்கிறீர்கள். மொத்தம் 1,400-ஐ 15,000-ஆல் வகுத்து 93 என்று எழுதுவார்கள்.

தவறு. தகடு வைக்கும்போதே 800 பழைய உறுப்பில் இருக்கிறது, அதாவது 80 மெகாபாஸ்கல். புதிய தகடு அதில் பங்கு கேட்காது. பிறகு வரும் 600 மட்டும் 15,000-இல் பிரிந்து 40 ஆகும். பழைய உறுப்பில் 120, புதிய தகட்டில் 40. நீங்கள் குறைத்தது 47 அல்ல, 20.

அந்த 47 உண்மையிலேயே வேண்டுமென்றால் தகடு இணைக்கும் முன் ஜாக் போட்டோ கம்பி இழுத்தோ பழைய உறுப்பின் பாரத்தை முழுக்க இறக்க வேண்டும். ஜாக்கின் அழுத்தமானியோடு பாலத்தின் உயரத்தையும் அளந்துகொண்டே போங்கள். அழுத்தம் ஏறியும் பாலம் நகரவில்லை என்றால் எங்கேயோ பிடித்திருக்கிறது. நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பின்னல் பட்டைகளையும் ரிவெட்களையும் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். மொத்தமாகக் கழற்றி வைத்தால் வேலை வேகமாக நடப்பது போலத் தெரியும், உறுப்பு மெல்ல வளைவது தெரியாது.

ரிவெட்டைக் கேஸ் கட்டரால் ஓட்டை போட்டு எடுக்காதீர்கள், சூடும் கீறலும் தகட்டில் தங்கிவிடும். தலையைச் சீவி, தண்டைத் துளையிட்டுத் தள்ளுங்கள். அதன் இடத்தில் உயர்வலிமை போல்ட் போட்டு, குறித்த இழுவிசை வரை முறுக்குங்கள்.

10. விரிசலை நிறுத்துவது

முதல் வேலை, விரிசலின் நுனியில் துளை போடுவது. கூர்மையான நுனியை உருண்டையான ஓரமாக மாற்றுவதால் அங்கே குவியும் தகைவு குறையும். 25 மி.மீ. அளவில் டிரில் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனி அல்ல, அதனால் சாயச் சோதனையில் நுனியைக் கண்டுபிடித்து, அது துளைக்குள் விழும்படி குறியிடுங்கள். ஓரத்தை வழவழப்பாக்கி, துளையின் உள்சுவரில் மறுபடி சாயம் போடுங்கள். நுனியைத் தவறவிட்ட துளையால் ஒரு பயனும் இல்லை.

துளை நேரம்தான் வாங்கித் தருகிறது. குறுக்குச் சட்டம் வெப்பை ஆட்டுவதால் வந்த விரிசலென்றால், அந்த இணைப்பை ஃபிளேஞ்சோடு சேர்த்து இறுக்கினால்தான் ஆட்டம் நிற்கும். ஆட்டத்தை விட்டுவிட்டு வெல்டால் அடைத்தால் அதே இடத்தில் திரும்ப வரும்.

11. பெயிண்ட்

கிரிட் பிளாஸ்டிங் (கடினத் துகள்களை வேகமாக வீசிச் சுத்தம் செய்வது) துருவை எடுக்கும், குழிக்குள் உள்ள உப்பை எடுக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, உப்புச் சோதனை செய்து, பிறகு பிளாஸ்ட் செய்யுங்கள். எஃகு ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிய வேண்டும், சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான். துத்தநாகம் மிகுந்த பிரைமரை அன்றைக்கே அடித்துவிடுங்கள், ஓர் இரவு தங்கினால் மறுபடி துரு பூக்கும்.

எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அடிக்கலாம். ரிவெட் தலை, தகட்டின் ஓரம், வெல்ட் இவற்றுக்குத் தனியாகப் பிரஷ்ஷில் ஒரு கை கொடுங்கள். ஸ்ப்ரேயில் பெயிண்ட் ஓரத்திலிருந்து விலகி ஓடும்.

பழைய பெயிண்டில் ஈயம் உறுதியானால் சுற்றிலும் மூடித் திரை கட்டி, தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வேலையாட்களுக்கு இரத்தத்தில் ஈயம் சோதிக்க வேண்டும், அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. வேலைத் துணி வீட்டுக்குப் போனால் ஈயமும் குழந்தைகளிடம் போகும்.

12. திறந்த பிறகு

போல்ட்களில் ஒரு பங்கை முறுக்கிச் சோதித்து, பேரிங் கோடுகளை மறுபடி அளந்து, புது எடையோடு கணக்கைத் திரும்பப் போடுங்கள். நீங்கள் சேர்த்த தகடுகளும் இப்போது சொந்த எடைதான். விரிசல் துளைகளை ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்கப் பட்டியல் கொடுங்கள். படங்களில் தேதியும் இடமும் இருக்கட்டும், அடுத்து வருபவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் பெருமழை கொட்டும்போது விளக்கை மாட்டிக்கொண்டு அடியில் போய் நில்லுங்கள். பேரிங் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் ஜாயின்ட் போட்ட ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்.